இருமுறை நின்ற கணினி

ஆரணி,
15-9-2025

அன்புள்ள திருமலை அவர்களுக்கு,

சுமதிராஜ் எழுதிக்கொள்வது. பழக்கம் விடவில்லை. இந்தக் கடிதத்தில் வரப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.
2. நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதம்.
3. கூட்டத்துக்கு நான் வர இயலாததற்குக் காரணங்கள்.
4. 2008-இல் நான் எழுதிய அலுவலகக் குறிப்பில் பொய் எதுவும் இல்லை.
5. மற்றவை.

முதலாவது. எங்கள் பத்து நாள் விரதம் முடிந்ததும், "அறிந்தும் அறியாமலும் நான் செய்த பிழைகளையெல்லாம் பொறுத்தருள வேண்டும்" என்று உறவினருக்கும் நண்பருக்கும் அட்டை எழுதுவது எங்கள் சமண வழக்கம். நீங்கள் வெம்பாக்கத்துக்கு மாற்றலாகிப் போனபின் உங்களுக்கும் வருடந்தோறும் எழுதுகிறேன். இது பதினேழாவது அட்டை. பதில் வந்தது இதுதான் முதல் தடவை. தபால்காரர் நீட்டும்போதே உங்கள் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. உடனே பிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டு பிரித்தேன்.

இரண்டாவது. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அரசு மக்கள் பணத்தில் வாங்கும் மென்பொருள் எந்தக் கம்பெனியின் பூட்டுக்குள்ளும் இருக்கக் கூடாது. அதன் மூலநிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் முடிய வேண்டும். இதைத்தான் திறமூல மென்பொருள் என்கிறீர்கள். தேர்தல் வருவதால் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் இதற்குக் கையெழுத்து வாங்குகிறீர்கள். அந்த நெருக்கடியில் அரசும் ஒரு குழு அமைத்து, நவம்பர் 19-ஆம் தேதி திருவண்ணாமலையில் கருத்துக் கேட்கிறது. அங்கே உங்களை மறுப்பவர்கள் காட்டப்போகும் முதல் காகிதம் நான் எழுதியது. நம் அலுவலகத்தில் நெசவாளர் கணக்கெடுப்புக்காக நீங்கள் அமைத்த திறமூல மென்பொருளைச் சோதித்தோம், சரிப்படவில்லை, ஆகவே கம்பெனி மென்பொருளே வாங்கலாம் என்ற பழைய குறிப்பு. அது முழு உண்மை இல்லை என்று நான் நேரில் வந்து சொல்ல வேண்டும். இதுதானே?

மூன்றாவது. எனக்கு வயது எழுபத்திரண்டு. சபையில் குரல் எழும்பாது. தங்கை மகள் கல்யாணத்தில் மைக்கைக் கொடுத்தார்கள். "வணக்கம்" என்றேன், உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி சந்திரகாந்தா இன்றும் விருந்தினரிடம் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். மேலும், நான் ஓய்வூதியக்காரன். எழுதிய கையாலேயே மறுத்தால் யாராவது கோப்பைக் கிளறுவார்கள். கிளறினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

நான்காவது. அந்தக் குறிப்பின் நகல் என்னிடம் இல்லை. ஆனால் வாக்கியம் நினைவிருக்கிறது: "சோதனைக் கணினி இரண்டு நாட்களில் இருமுறை செயல்படாமல் நின்றது." நின்றது. நடக்காத எதையும் நான் எழுதவில்லை. பொய்யாமை எங்களுக்கு விரதம்.

ஐந்தாவது. முழங்கால் வலி உண்டு. மகள் அனுஷா பெங்களூரில் நலம். கடிதத்துக்குப் பதில் போனில் பேசலாமே?

அன்புடன்,
ப. சுமதிராஜ்


போளூர்,
22-9-2025

சுமதி சார்,

வணக்கம். போன் வேண்டாம். போனில் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்பீர்கள். அப்புறம் வரமாட்டீர்கள். உங்களுக்குத் தைரியம் காகிதத்தில்தான் வரும். பதினேழு வருடம் பேசாதவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குறிப்பின் நகல் இத்துடன் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். வாங்கும்போது இன்னொரு சங்கதியும் வெளிவந்தது. அது நம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. மாதிரிக் குறிப்பு என்று மேலிடத்திலிருந்து சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். ஏழு அலுவலகங்களில் அதையே நகலெடுத்து, ஊர்ப் பெயரை மாற்றி, திறமூலம் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். ஓர் அலுவலகத்தில் ஊர்ப் பெயரைக்கூட மாற்றவில்லை. யாருமே சோதித்துப் பார்க்கவில்லை. நீங்கள் சோதித்ததே எல்லோருக்கும் போதும் என்று விட்டுவிட்டார்கள். அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குழுவில் சரண்யா என்று ஒரு பெண், கம்ப்யூட்டர் படித்தது. உங்கள் குறிப்பைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இவரு மட்டும் நம்ம பக்கம் எழுதியிருந்தா நாம இப்ப வெயில்ல அலைஞ்சிகினு இருக்கமாட்டோம்" என்றது.

அலைச்சல் என்றால் அலைச்சல்தான். போன வாரம் ஒரு கவுன்சிலரிடம் போனோம். பத்துத் தறி வைத்து நடத்துகிறவர்.

"மூடி வெச்சாலே திருடறானுங்க. நீ தொறந்து வெக்கச் சொல்றியா?" என்றார்.

"அண்ணே, தறியில மாட்ட ஓட்டை குத்தின டிசைன் அட்டை வாங்கறீங்களே, வாங்கினப்புறம் அது யாருது?"

"என்னுது."

"பொடவையில மாங்கா டிசைன மயிலாக்கணும்னா?"

"ஆள வெச்சி வேற அட்டை குத்துவேன்."

"அட்டை வித்தவன், 'கை வெக்காதே, வருசா வருசம் என்கிட்ட வந்து சாவி வாங்கிகினு போய்த்தான் நெய்யணும்'னு சொன்னா?"

"செருப்பு பிஞ்சிடும்."

கையெழுத்துப் போட்டார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். மறுநாள் எதிர்க்கட்சிக்காரரும் அதே இடத்தில்தான் செருப்பை எடுத்தார், அதே இடத்தில்தான் கையெழுத்தும் போட்டார்.

சேவூரில் விருத்தாம்பாளை நினைவிருக்கிறதா? கணக்கெடுப்புப் பாரத்தில் புருஷன் பெயருக்கு நேரே "தொழில்: நெசவு" என்று எழுதினீர்கள். அந்தம்மாள் பெயருக்கு நேரே "இல்லை" என்று எழுதப் போனீர்கள். "விடிஞ்சதுலேர்ந்து தாருக்கு நூல் சுத்தறேன், பாவு பிணைக்கிறேன். நான் குந்திகினா அவரு தறி நின்னுடும். அதுக்கு உன் பாரத்துல ஒரு கட்டம் இல்லையா?" என்று கேட்டார். பேனாவைத் தூக்கியபடியே இருந்தீர்கள். அன்று சாயங்காலமே என் மென்பொருளில் அந்தக் கட்டத்தைச் சேர்த்தேன். அரைமணி நேர வேலை. கம்பெனி மென்பொருள் வந்தபிறகு கட்டம் கேட்டு எழுதினோம். ஒப்பந்தத்தில் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பெண்களெல்லாம் "மற்றவை" ஆனார்கள். நான் திறமூலம் என்று கத்துவது அந்தக் கட்டத்துக்காகத்தான்.

கடைசியாக ஒன்று. உங்கள் அட்டைகள் பதினேழும் பத்திரமாக இருக்கின்றன. பதில் போடாததற்குக் காரணம் உண்டு. அறிந்தும் அறியாமலும் செய்த எல்லாப் பிழைக்கும் மொத்தமாகக் கேட்கிறீர்கள். மொத்தமாகக் கேட்பது சுலபம் சார். சில்லறையாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.

திருமலை


ஆரணி,
8-10-2025

அன்புள்ள திருமலை,

நகலைப் படித்தேன். ஒரு வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு அலுவலகங்கள் என்று படித்ததும் முதலில் எனக்கு வந்தது பெருமை. பிறகுதான் மற்றது வந்தது. முப்பத்தைந்து வருடச் சேவையில் நான் எழுதியதை யாரும் மாதிரி என்று சொன்னதில்லை.

விருத்தாம்பாளை மறக்கவில்லை. நாம் கணக்கெடுத்த அந்த ஒன்றரை வருடத்தில் எதையும் மறக்கவில்லை. உங்கள் மொபெட்டின் பின்னால் பாரக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு தேவிகாபுரம் சாலையில் போனது. மழை வந்தால் உங்கள் சட்டை நனைந்தாலும் பாரம் நனையக் கூடாது என்று ஒரே பிளாஸ்டிக் தாளை என் பக்கம் தள்ளுவீர்கள். இருட்டியபின் நான் சாப்பிடமாட்டேன் என்று, மூன்று மணியிலிருந்தே நீங்கள் மேற்கே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு வீட்டில் பன்னிரண்டு பேர். பெயர் சொல்லி முடிக்கவில்லை. நீங்கள் அந்தப் பெரியவரிடம், "ஐயா, மீதி பேரு நாளைக்கு வந்து எழுதிக்கினு போறோம், எங்க சாருக்குப் பொழுது சாயுது" என்றீர்கள். அவர் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்து வாசல்வரை கையைப் பிடித்து அழைத்துவந்தார். உங்கள் டிபன் பாக்ஸில் வெங்காயம் இல்லாத டப்பா ஒன்று தனியாக இருக்கும். உங்கள் மனைவிக்கு அதை யார் சொன்னது என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

நேற்று நம் பழைய அலுவலகத்துக்குப் போனேன். அஜித்குமார் என்று ஓர் இளநிலை உதவியாளர் இருந்தார். யார் என்று சொன்னேன்.

"2008 கணக்கெடுப்பா சார்? அந்தக் கம்ப்யூட்டர் மேலதான் ஜெராக்ஸ் பேப்பர் அடுக்கி வெச்சிக்கினு இருக்கோம்" என்றார்.

நல்ல பையன். தாளை இறக்கிவைத்து, தூசி தட்டிப் போட்டுக் காட்டினார். ஓடியது. சாவி கேட்டது. ஐந்து வருட உரிமம் 2013-இல் முடிந்துவிட்டதாம்.

"கம்பெனிக்குப் போன் பண்ணிப் பார்த்தீங்களா தம்பி?"

"பண்ணோம் சார். அந்த நம்பர்ல இப்ப பிரியாணிக் கடை எடுக்குது."

தாள் பாரங்களாவது இருக்குமா என்று கேட்டேன். பதிவேட்டைப் புரட்டினார். கணினியில் ஏறிவிட்டதால் தேவையில்லை என்று 2010-இல் பழைய காகிதக்காரருக்குப் போயிருக்கிறது. கீழே என் கையெழுத்து.

பத்தொன்பதாயிரம் குடும்பங்கள், திருமலை. அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பெட்டியும் ஓடுகிறது. அஜித்குமார் தேநீர் வாங்கித் தந்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் இயக்கத்துக்கு என் பெயரில் பொதுவான ஆதரவுக் கடிதம் ஒன்று எழுதித் தருகிறேன். அது போதுமா என்று பாருங்கள். பழைய குறிப்பைத் தொடாமல் எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
சுமதிராஜ்


போளூர்,
15-10-2025

சார்,

போதாது. பொது ஆதரவு எங்களிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது.

டப்பா விஷயத்தை என் மனைவியிடம் சொன்னது நான்தான். வேறு யார் சொல்வார்கள்?

ஒரே ஒரு கேள்வி. கூட்டத்துக்காகக் கேட்கவில்லை, எனக்காகக் கேட்கிறேன். சோதனை நடந்த அந்த இரண்டு நாளும் நான் தேசூரில் கணக்கெடுப்பில் இருந்தேன். கணினியை உங்கள் பொறுப்பில் விட்டுப் போனேன். வேறு யாரிடம் விட்டிருப்பேன்? திரும்பி வந்தபோது இரண்டு தடவை நின்றது என்றீர்கள். ஏன் என்றேன். "நின்னுச்சு திருமலை" என்றீர்கள். அடுத்த மாதம் என்னை வெம்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. ஒன்பது வருடம் தபால் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றேன்.

அந்த ஒன்பது வருடமும், பிறகும், என் வேலையில் எங்கே பிழை என்று தேடியிருக்கிறேன். பழைய குறுந்தட்டுகளைப் போட்டு வீட்டில் ஓட்டிப் பார்ப்பேன். சில சமயம் இரண்டு நாள், மூன்று நாள் அணைக்காமல் ஓடவிடுவேன். ஒரு தடவைகூட நின்றதில்லை. அப்படியும் மேடையில் திறமூலம் பற்றிப் பேசும்போது நாக்கு ஓரிடத்தில் தடுக்குகிறது. நான் செய்தது நின்றுபோனதுதானே என்று.

ஏன் நின்றது சார்?

திருமலை


ஆரணி,
10-11-2025

அன்புள்ள திருமலை,

உங்கள் கேள்வி நியாயமானது. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் தேதியும் உங்கள் பெயரும் எழுதினேன்.

19-ஆம் தேதி எனக்குக் கண் மருத்துவரிடம் முன்பே நேரம் குறித்தாகிவிட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் முயற்சி வெற்றி பெற வேண்டும். இதை எழுதும்போதே என் அட்டை மாதிரிதான் இருக்கிறது என்று தெரிகிறது.

சுமதிராஜ்


போளூர்,
21-11-2025

சுமதி சார்,

கண் எப்படி இருக்கிறது?

கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நான் மைக் முன்னால் நின்றபோதே பார்த்துவிட்டேன். கம்பெனிகள் தரப்பில் வந்தவர் உங்கள் குறிப்பை உரக்கப் படித்தார். அவர் படிக்கப் படிக்க நீங்களும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு சொல் பிசகவில்லை என்று நினைக்கிறேன்.

குழுத் தலைவர், "இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாரே, இவர் இப்போது இருக்கிறாரா?" என்று என்னைக் கேட்டார். அரங்கம் முழுக்க என்னைப் பார்த்தது. நீங்கள் குனிந்து செருப்பைத் தேடினீர்கள். "ஓய்வு பெற்றுவிட்டார், அவருக்கு உடம்பு முடியவில்லை" என்றேன். சரண்யாவுக்கு என்மேல் கோபம். "அங்கிள், அவருதான் அங்க குந்திகினு இருந்தாரே" என்று பஸ்ஸில் போளூர் வரை சண்டை போட்டது. உங்கள் டப்பாவை நினைத்துக்கொண்டேன், உங்களைக் கை நீட்டிக் காட்ட வரவில்லை.

மேற்கொண்டு சொல்ல விரும்புகிறவர்கள் டிசம்பர் 5-க்குள் எழுத்தில் அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தகவலுக்காக எழுதுகிறேன். இனிக் கேட்கமாட்டேன்.

திருமலை


ஆரணி,
30-11-2025

அன்புள்ள திருமலை,

இந்தக் கடிதத்துக்கு வரிசை எண் போடவில்லை.

கண் மருத்துவரிடம் நான் நேரம் குறிக்கவே இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதும் வரும் என்று தோன்றுகிறது. அன்று காலை சந்திரகாந்தா, "கண் டாக்டர் ஆரணியிலதான இருக்காரு, எதுக்குத் திருவண்ணாமலை பஸ்?" என்று கேட்டாள். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "சும்மா பாக்கறதுக்கா சட்டைக்கு இஸ்திரி?" என்றாள். எழுந்து நிற்கலாம் என்றுதான் இஸ்திரி போட்டேன். என்னைப் பற்றிக் கேட்டபோது குனிந்து செருப்பைத்தான் தேடினேன். நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அதை யோசித்துக்கொண்டே வந்தேன். ஆரணி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அன்று சாப்பிடவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் தேசூருக்குக் கிளம்பிய காலையில், நம் அதிகாரி தன் அறைக் கணினிக்கு யூபிஎஸ் வேண்டும் என்றார். உங்கள் சோதனைக் கணினியில் இருந்ததைக் கழற்றிக் கொண்டுபோய் வைத்தவன் நான். பொருள் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். அப்போது மனத்தில் வேறு எதுவும் இல்லை, கேட்டார், கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கம்பெனிக் கணினிக்கு அவர்களே யூபிஎஸ் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் பட்டு முறுக்கும் மெஷின்கள் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் நம் விளக்குகள் மங்கும். முதல் நாள் பதினோரு மணிக்கு மங்கியது. மறுநாள் மூன்று மணிக்கு மங்கியது. இரண்டு தடவையும் கணினி அணைந்தது. மின்சாரம் சீரானதும் நான் மறுபடி போட்டேன், ஓடியது. பதிந்து வைத்ததில் ஒரு குடும்பம்கூடக் குறையவில்லை. சரிபார்த்தவனும் நான்தான்.

குறிப்பின் வரைவை அதிகாரியிடம் கொண்டுபோனேன். அதில் "மின்னழுத்தம் குறைந்ததால்" என்று இருந்தது. அவர் பேனா முனையால் அந்த இடத்தைத் தொட்டார்.

"நின்னுச்சா, இல்லையா?"

"நின்னுச்சுங்க."

"அப்ப நின்னுச்சுன்னு எழுதுங்க. ஏன் நின்னுச்சுன்னு எழுத நீங்க என்ன எலக்ட்ரீஷியனா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்கு ஒரு சாக்காவது மிஞ்சியிருக்கும். அந்த இரண்டு சொற்களை எடுத்தபின் வாக்கியம் முன்னைவிட நன்றாக இருந்தது. அதையும் கவனித்தேன்.

இன்னொன்றும் இருந்தது. உங்கள் மென்பொருள் வந்துவிட்டால், மூத்தவனான நான் ஒவ்வொன்றுக்கும் உங்கள் மேசைக்கு வந்து நிற்க வேண்டும் என்று பயந்தேன். அந்தப் பயம் எவ்வளவு, அதிகாரியின் பேனா எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்களை மாற்றுவார்கள் என்று நினைக்கவில்லை. மாற்றியபோது வாயைத் திறக்கவும் இல்லை.

இவ்வளவையும் மூன்று பக்கத்தில் எழுதி, பெயர், முகவரி, கையெழுத்துடன் நேற்றுக் குழுவுக்கு விரைவுத் தபாலில் அனுப்பினேன். அந்த ஏழு அலுவலகங்களுக்கும் ஒவ்வொரு நகல் அனுப்பியிருக்கிறேன். கட்டம் கேட்ட விருத்தாம்பாளின் பேச்சையும் நினைவில் இருந்தபடி சேர்த்திருக்கிறேன். உங்களுக்கான நகல் இத்துடன் இருக்கிறது. ஓய்வூதியத்தைப் பற்றிய பயம் அப்படியேதான் இருக்கிறது. தபால் அலுவலகத்தில் உறையை ஒட்டும்போது தபால்தலையைக் கோணலாக ஒட்டிவிட்டேன். அங்கிருந்த பெண், "பரவால்லீங்க ஐயா, போய்ச் சேந்துடும்" என்றார்.

உங்கள் வேலையில் பிழை இல்லை, திருமலை. இனிமேல் தேட வேண்டாம்.

பதினேழு அட்டைகளிலும் மொத்தமாகக் கேட்டதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவற்றுக்குப் பதிலாக இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொறுத்துக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் விருப்பம்.

செப்டம்பர் 15-ஆம் தேதிக் கடிதத்தில் நான்காவதாக, குறிப்பில் பொய் இல்லை என்று நான் எழுதியது தவறு.

ப. சுமதிராஜ்